ஏழாம் எண்ணின் விலை

சனிக்கிழமை, போர்ட் லூயி, ஷான் தெ மார்ஸ் மைதானம்.
ஷினாபென் பந்தயக் கடையில் நான் விலைப்பலகைக்காரி.
எண்களைக் கழற்றுவேன், மாட்டுவேன்.
குதிரைகள் ஓடிப் பார்த்தது குறைவு,
என் முதுகுக்குப் பின்னால்தான் அவை ஓடும்.

மூன்றாம் பந்தயத்துக்கு இருபது நிமிடம் இருக்க
பயிற்சியாளர் லாவெர்ஜ் புல்வட்டத்துக்குள் வந்து நிற்கிறார்.
வெறுமனே நிற்கிறார்.
அதற்குள் என் விரல்
நூறுக்கு இருநூறைக் கழற்றி
நூற்றெழுபதை மாட்டுகிறது.
ஜாக்கியின் தோளில் கை வைக்கிறார், நூற்றைம்பது.
சிரிக்கிறார், நூற்று நாற்பது.
குதிரை இதற்கிடையில் ஒன்றும் செய்யவில்லை,
சாணி போட்டதைத் தவிர.

வரிசையில் நிற்கிறவர்களுக்கு
அதன் பெயர்கூடத் தெரியாது.
"லாவெர்ஜோடது" என்கிறார்கள்,
கைராசி டாக்டரைச் சொல்வதுபோல.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
முன்பக்கம் மகளின் பின்னக் கணக்கு,
பின்பக்கம் ஆறு வருடத்துக் குதிரைகள்.
லாவெர்ஜ் பத்துக்கு நாலு ஜெயிப்பார்.
பெரிய கைதான், மறுக்கவில்லை.
ஆனால் நூறு கட்டி நூற்று நாற்பது வாங்கும் விலைக்குப்
பத்துக்கு ஏழாவது ஜெயிக்கவேண்டுமே.
மிச்சம் மூன்று குதிரைகள் எங்கே?
அவை எந்த லாயத்திலும் இல்லை.
அவைதான் ஷினாபென் வீட்டு இரண்டாம் மாடியாக எழும்பிக்
கடலைப் பார்த்து நிற்கின்றன.

அதே பந்தயத்தில் ஏழாம் எண்,
குமரென் பாவாடையின் குதிரை.
தமிழ் உதிர்ந்துபோன ஊர்,
அந்தப் பெயருக்கு இங்கே யாரும் சிரிப்பதில்லை.
முதல் தடவை மாட்டியபோது நான் மட்டும் சிரித்தேன்.
மொத்தம் ஒன்பது குதிரை,
விடியலில் வாளி தூக்குவதும் அவரே.
நூறுக்கு ஆயிரத்தைந்நூறு.
பதினைந்தில் ஒன்று வந்தால் கை கடிக்காது,
என் நோட்டில் எட்டில் ஒன்று வருகிறது.

டீ குடிக்கப் போகிறேன் என்று சொல்லி
எதிர்க் கடையில் இருநூறு ரூபாய் வைத்தேன்.

மூக்களவில் தோற்றது.
லாவெர்ஜின் குதிரை நாலாவது.
ஊர் ஜாக்கியைத் திட்டியது, ஈரத் தரையைத் திட்டியது,
அவர் பெயரை ஒருவரும் திட்டவில்லை.
நான் சீட்டைக் கிழிக்கவில்லை.
தோற்ற சீட்டு வேறு, தப்பான சீட்டு வேறு.
இதை வீட்டில் விளக்கப் பார்த்தேன்.
"இருநூறு போச்சா, இல்லையா?" என்றார் கணவர்.
போச்சு.

ஆகஸ்டில் பாவாடை ஜெயிக்க ஆரம்பித்தார்.
முதலில் ஒன்று, நூறுக்கு ஆயிரத்து இருநூறு,
மகளின் பல்லுக்குக் கம்பி கட்டினோம்.
பிறகு ஒரே சனிக்கிழமையில் இரண்டு.
ரேடியோவில் பேட்டி, தலையில் புதுத் தொப்பி.
நவம்பரில் அவரும் புல்வட்டத்துக்குள் வந்து நின்றார்,
வெறுமனே.
என் விரல் நானூறைக் கழற்றியது.

அன்று மாலை தால் பூரி வண்டியருகே
கிரியோலில் கூப்பிட்டுக் கேட்டார்,
"அக்கா, எதிர்க் கடையில் உங்களைக் காணோமே.
என்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டதா?"
"போகவில்லை தம்பி.
ஊருக்கும் வந்துவிட்டது, அதுதான்."
புரிந்ததோ என்னவோ,
என் பூரிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்.

இரவு அவர் பக்கத்தை மடித்துவைத்தேன்.
கடைசிப் பந்தயத்தில் ஒரு புதுப் பெண்,
வக்வா பக்கம் நாலு குதிரை வைத்திருக்கிறாளாம்.
பலகையில் அவள் பெயரில்
ஓர் எழுத்தை மாட்ட மறந்துவிட்டேன்.
மதியம் முழுக்க அப்படியே இருந்தது.
யாரும் வந்து சொல்லவில்லை.